நாய்க்கு முகம் இருந்தது

நேற்று நம் வகுப்புக் குழுவில் சுற்றிய செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாம் சின்ன வயதில் பார்த்த பழைய மிருகக் கார்ட்டூன்களை மறுபடி வெளியிடுகிறார்களாம். ஆனால் படம் தொடங்க முன்னர், இதில் சில மனிதர்களைக் காட்டியிருக்கும் விதம் அவர்களைச் சிறுமைப்படுத்துகிறது என்று ஓர் அறிவிப்புப் போடுகிறார்களாம். சில காட்சிகளை வெட்டியே விட்டார்களாம். அதற்கு நீங்கள் போட்ட கோப முகங்களை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். ரொறன்ரோக்காரர் "எங்கடை சின்ன வயசையும் விட்டு வைக்கமாட்டாங்கள் போல" என்று எழுதியிருந்தார். லண்டன்காரி "நாயும் வாத்தும் அடிபடுறதிலை ஆருக்கு என்ன அவமானம்?" என்று கேட்டிருந்தாள். அதற்குப் பதில் எழுதத்தான் கைபேசியை எடுத்தேன். விரலால் தட்டித் தட்டி நாலு வரிக்கு மேல் போக முடியவில்லை. அதனால் கொப்பியில் எழுதுகிறேன். மகள் படமெடுத்து அனுப்பிவிடுவாள். வாசிக்க நேரமில்லாதவர்கள் வழக்கம்போலக் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போங்கள்.

எங்கள் வீட்டு வீடியோ டெக்கை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் முதலாவது டெக் அதுதான். ஜேர்மனிக்குப் போன சித்தப்பா அனுப்பியது. பெட்டியைத் திறந்தபோது வந்த புதுப் பிளாஸ்டிக் மணத்தை நான் இரண்டு நாள் மூக்குக்குள்ளேயே வைத்திருந்தேன். அம்மா அதற்குப் பூப் பின்னிய ஒரு துணி போட்டார். டெக்கோடு ஒரேயொரு கார்ட்டூன் கசற்றும் வந்தது. சித்தப்பா அங்கே ரீவியில் பதிந்து அனுப்பியது. அதனால் எங்கள் நாயும் வாத்தும் நரியும் ஜேர்மன் பாஷையில் சண்டை பிடித்தன. ஆங்கிலமென்றால் அப்பாவாவது கொஞ்சம் சொல்லியிருப்பார், பள்ளிக்கூடத்தில் அதைத்தானே படிப்பித்தார். ஜேர்மன் பாஷை அவருக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்.

அங்கேதான் அண்ணை புகுந்தார். ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் சப்பாணி கட்டியிருந்து, எல்லா மிருகங்களுக்கும் தானே தமிழ் பேசினார். சனிக்கிழமைப் பின்னேரங்களில் நீங்கள் எல்லோரும் பாயில் நெருக்கியடித்து இருந்தது கார்ட்டூனுக்காக மட்டும் இல்லை. அண்ணையின் வாய்க்காகவும்தான். வெல்லுகிற வாத்து எங்களைப் போலவே கதைத்தது. கெட்டிக்கார முயலும் அப்படித்தான். தடித்த சொண்டோடு மரத்தில் சும்மா இருந்து பாட்டுப் பாடிய கறுத்தக் காகங்களுக்கு அண்ணை மயிலிட்டியிலிருந்து மீன் கொண்டுவருகிற ஆட்களின் பேச்சைக் கொடுத்தார். ஏமாற்றுகிற நரிக்கு, யாழ்ப்பாண நகரத்திலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவந்த முஸ்லிம் வியாபாரியின் பேச்சு. ஒரு சனிக்கிழமை அந்த வியாபாரி எங்கள் விறாந்தையில் நின்று அதைக் கேட்டார். சிரித்தார். "தம்பி நல்லாத்தான் செய்றார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு மூன்றாம் வருஷம் அவருடைய ஆட்கள் அத்தனை பேரையும் இயக்கக்காரர் உடுத்த உடுப்போடு ஊரை விட்டுத் துரத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

கார்ட்டூனில் நாயை அடிக்க வருகிற அந்த வீட்டு வேலைக்காரியை ஞாபகமிருக்கிறதா? பெரிய கறுத்தக் கால்கள். தேய்ந்த செருப்பு. முழங்காலுக்கு மேலே ஒரு வெள்ளைத் துணி. கையில் தும்புத்தடி. அவ்வளவுதான். முகம் வருகிற இடத்துக்கு முன்னமே படத்தின் விளிம்பு வந்துவிடும். அவளுக்கு அண்ணை கொடுத்தது மலையகப் பேச்சு. அதை அவர் எங்கும் போய்ப் படிக்கவில்லை. எங்கள் குசினி வாசலில், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாயில் இருக்க அனுமதி இல்லாததால் நின்றபடியே படம் பார்த்தவளிடமிருந்துதான் எடுத்தார்.

அவளையும் நீங்கள் கண்டிருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு தந்திருக்கிறாள். எட்டு வயதில் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் வீட்டு வேலைக்குக் கொண்டுவந்து விடப்பட்டவள். என்னுடைய வயது. பெயரும் என்னுடைய பெயர்தான். வந்த அன்றே அம்மா சொன்னார், "ரெண்டு பேரையும் ஒரே பேரிலை கூப்பிட்டா ஆர் வாறது? இவளைப் பெட்டை எண்டே கூப்பிடுவம்." அன்றிலிருந்து அந்தப் பெயர் எனக்கு மட்டும் என்றாயிற்று. உங்களில் யாருக்காவது அவளுடைய முகம் ஞாபகமிருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். நான் மூன்று வருஷம் ஒரே கூரைக்குக் கீழே அவளோடு இருந்தேன். எனக்கு ஞாபகமில்லை. சாறிக்கரையைக் கிழித்துக் கட்டிய தலைப்பின்னல் ஞாபகமிருக்கிறது. அம்மாவின் பழைய செருப்புக்குள் அவளுடைய சின்னக் கால்கள் சரக் சரக்கென்று இழுபட்டது ஞாபகமிருக்கிறது. முகம் வரவில்லை.

அண்ணை முதலில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

"வெளியாலை போ நாயே எண்டதை உங்கடை பக்கம் எப்பிடிச் சொல்லுவியள்?"

"போடா வெளிய, சனியம் புடிச்ச நாயேன்னு சொல்லுவோமுங்க."

அடுத்த சனிக்கிழமை ரீவியிலே அந்தக் கால்கள் அதையே சொன்னபோது பாயில் இருந்தவர்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தான் சொல்லிக்கொடுத்தது என்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். மூன்றாம் நாலாம் கிழமையில் ஒழுங்கைப் பிள்ளைகள் அவளைக் கடைக்குப் போகும் வழியில் மறித்து அதையே சொல்லத் தொடங்கினார்கள். பெயர் சொல்லமாட்டேன், இந்தக் குழுவிலும் இரண்டு பேர் இருக்கிறீர்கள். அந்தக் கசற்றில் வெடி வெடித்து வெள்ளை நாயின் முகம் கரியாகி, தடித்த சொண்டும் உருட்டும் கண்ணுமாக நிற்கும் ஒரு காட்சி வரும். அப்போதெல்லாம் பாயில் இருந்தவர்கள் ரீவியைப் பார்க்காமல் குசினி வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தம்பியின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வாள்.

ஒருநாள் கிணற்றடியில் என்னிடம் கேட்டாள்.

"ஏம் பாப்பா, அந்தம்மாவுக்கு மூஞ்சி எப்ப வரும்?"

"எந்த அம்மா?"

"தொடப்பத்தோட வருதே, அந்தம்மா."

எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கம். "கசற் முடியேக்கை வரும்" என்று அடித்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை கசற் முடிந்து, நீங்கள் எல்லோரும் எழுந்து போய், ரீவியில் வெறும் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்த பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு என்னைவிட்டு அப்பாவிடம் போனாள். அப்பாவுக்கு யாராவது கேள்வி கேட்டால் பிடிக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அது மிருகங்கள்டை கதை பிள்ளை. அதிலை மனிசர் முக்கியமில்லை" என்றார்.

"தபால்காரருக்கு மூஞ்சி இருக்குங்களேய்யா. போலீசுக்காரருக்கு இருக்கு. நாய்க்கும் இருக்கு, அந்த நாய் மேல இருக்கிற தெள்ளுப்பூச்சிக்கும் இருக்கு."

அப்பா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பதில் குசினிக்குள்ளிருந்து அம்மாவிடமிருந்து வந்தது. "அது வேலைக்காரியெல்லோ. அதின்ரை முகத்தை ஆர் பாக்கப் போயினம்? நீ வந்து அரிசியைக் களை."

எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பதிலில் ஒரு குறையும் தெரியவில்லை. அம்மாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு எண்ணெய் தேய்த்து முழுகவார்ப்பார். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். எனக்கு அளவில்லாமல் போன சட்டைகளை அவளுக்கென்று மடித்து வைப்பார். அந்தக் கையாலேயே இந்தப் பதிலையும் கொடுத்தார். இதை எழுதும்போது எனக்கு அம்மாமீது வருகிற கோபத்துக்கு இனிப் போய்ச் சேர இடமில்லை, அவர் செத்துப் பன்னிரண்டு வருஷமாயிற்று.

ஒரு பின்னேரம் அம்மாவும் அப்பாவும் செத்தவீடு ஒன்றுக்குப் போயிருந்தார்கள். அண்ணை ரியூசனுக்குப் போய்விட்டார். நானும் அவளும் தம்பியும்தான் வீட்டில். நான் கசற்றைப் போட்டு, அந்தப் பெண் வரும் இடத்தில் நிறுத்தினேன். படம் நடுங்கிக்கொண்டு நின்றது, குறுக்கே வெள்ளைக் கோடுகள். அவள் தம்பியைப் பாயில் கிடத்திவிட்டு, ரீவிக்கு முன்னால் போய் நிலத்தில் கன்னத்தை வைத்துப் படுத்து, கீழேயிருந்து மேலே அண்ணாந்து பார்த்தாள். கீழேயிருந்து பார்த்தால் விளிம்புக்கு மேலே உள்ளது தெரியும் என்று நினைத்தாள். நான் முதலில் சிரித்தேன். பிறகு நானும் பக்கத்தில் போய்ப் படுத்தேன். சீமெந்து நிலம் குளிர்ந்து கிடந்தது. ரீவியின் சூடு நெற்றியில் பட்டது. இரண்டு பேரும் நெடுநேரம் அப்படியே கிடந்து மேலே பார்த்தோம். அந்த வீட்டில் நாங்கள் இருவரும் ஒரே உயரத்தில் இருந்தது அந்த ஒரு பின்னேரம்தான். நான் அவளுடைய முகத்தைப் பார்த்திருக்கலாம், ஒரு முழத் தூரத்தில் இருந்தது. நான் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகம் வராது என்று தெரிந்ததும் அவளே அதை வரைந்தாள். குசினியின் பின்சுவரில், அடுப்புக்கரியால். கீழே அதே பெரிய கால்கள், அதே செருப்பு, தும்புத்தடி. மேலே முகம். தலையில் துணி, நெற்றியில் கொழுந்துக் கூடைக் கயிறு, மூக்கில் ஒரு புள்ளி. அண்ணைதான் முதலில் கண்டார்.

"உது ஆரடி, கூடை கட்டின கார்ட்டூன்?"

"அந்தம்மாதாங்க."

சுவரைப் பழுதாக்கியதற்கு அம்மா அவளைத் தும்பும் தண்ணீரும் கொடுத்து உரஞ்ச வைத்தார். நெற்றிப் பக்கம் மட்டும் போகாமல் நின்று, மாரி மழையில் அதுவும் போயிற்று. அது யாருடைய முகம் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் வருஷம் அவள் எங்களைப் போலவே கதைத்தாள். ஓம் என்றாள், வாறன் என்றாள். "இப்ப எங்கடை பிள்ளை மாதிரியே கதைக்கிறாள்" என்று அம்மா அயலுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டார். அண்ணைக்குத்தான் கஷ்டம். புதுவசனம் வேண்டும் என்று அவளிடம் கேட்டபோது, "எனக்கு மறந்து போச்சு" என்றாள். உண்மையில் மறந்தாளா, இனிக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தாளா, எனக்குத் தெரியாது.

பிறகு இந்திய ஆமி ஊருக்குள் வந்த ஐப்பசி. ஷெல் விழத் தொடங்கியதும் நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். உங்களில் பாதிப்பேர் எங்களோடு அதே மண்டபத்தில் இருந்தீர்கள். நிவாரணத்துக்காக ஒருவர் வந்து குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதினார். அப்பா எங்கள் ஐந்து பேரின் பெயரையும் வயதையும் சொன்னார். "இந்தப் பிள்ளை?" என்று எழுதுகிறவர் கேட்டார். "அது வேலைக்கு நிக்கிறது" என்றார் அப்பா. அவர் ஐந்து பெயருக்குக் கீழே, வேலைக்கு ஒருவர் என்று எழுதிக்கொண்டு அடுத்த குடும்பத்துக்குப் போனார்.

மூன்றாம் நாள் தம்பியின் பால்மா முடிந்துவிட்டது. அவன் குரல் அடைக்கும்வரை அழுதான். வீட்டில் அலுமாரிக்கு மேலே ஒரு முழு ரின் இருந்தது. அப்பா போனால் பிடித்துவிடுவார்கள். அண்ணைக்குப் பதினைந்து வயது, அவரை வாசலுக்கே விடமாட்டார்கள். அன்று காலை ஒரு மணித்தியாலமாகச் சத்தம் இல்லை. அம்மா அவளைப் பார்த்தார்.

"சின்னப் பெட்டையை ஆர் என்ன செய்யப் போறாங்கள்? ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா மோனை."

"ஓம், வாறன்" என்றாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஓர் உரப்பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அவள் படியிறங்கும்போது அண்ணை, பயத்திலிருந்த சனத்தைச் சிரிக்கவைக்க நினைத்தாரோ என்னவோ, அந்தக் கார்ட்டூன் குரலில் கத்தினார்: "சுருக்கா வந்துரு ஆத்தா!" மண்டபம் சிரித்தது. மூன்று நாளில் முதல் சிரிப்பு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உரப்பைக்குக் கீழே செருப்பு மட்டும் சரக் சரக்கென்று போனது.

வரவில்லை. பதினைந்து நிமிடத் தூரம். அரைமணித்தியாலத்தில் மறுபடி ஷெல் விழத் தொடங்கி, இருட்டும்வரை நிற்கவில்லை. நாங்கள் வீடு திரும்ப ஒரு மாதம் ஆயிற்று. அலுமாரிக்கு மேலே பால்மா ரின் இல்லை. ஆகவே அவள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், எடுத்திருக்கிறாள், திரும்பி வெளிக்கிட்டிருக்கிறாள். அப்பா இரண்டு மூன்று இடத்தில் விசாரித்தார். விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அவளுடைய பெயரை. அப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் என்னுடைய பெயரைச் சொல்ல மனம் வரவில்லை என்று பிறகு அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அபசகுனமாம். போகப்போக வீட்டில் ஒரு கதை உருவாயிற்று. ஆரோடையோ கொழும்புப் பக்கம் போய், தாயிடம் சேர்ந்திருப்பாள் என்ற கதை. அது சொல்லவும் நம்பவும் வசதியாக இருந்தது.

அடுத்த பங்குனியில் ஒரு மத்தியானம், படலையில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"ஓம்" என்று நான் ஓடிப்போனேன்.

ஒரு மெலிந்த பெண். கையில் பிளாஸ்டிக் பை. என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மறுபடி அதே பெயரைக் கூப்பிட்டார். நான் "நான்தான்" என்றேன். "இல்ல பாப்பா, எம் மகளக் கூப்புடுறேன்" என்றார்.

அப்பாவும் அம்மாவும் வெளியே வந்தார்கள். அவர் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். மகளைத் தேடித் தோட்டத்துப் பக்கம் ஒரு நிவாரணக் கந்தோரில் பெயரும் எங்கள் வீட்டு விலாசமும் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் எழுதிய பட்டியலைப் பார்த்துப் பதில் வந்திருக்கிறது.

"இந்த ஊட்டுல, இந்தப் பேருல, பதினோரு வயசுப் புள்ள பத்தரமா இருக்குன்னு போட்டிருக்காங்கய்யா. படிச்சுக் காட்டினாங்க. எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்."

அப்பா கடதாசியை இரண்டு தரம் வாசித்தார். "அது என்ரை மகள்" என்றார்.

அந்தத் தாய்க்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் கத்தவில்லை. விறாந்தைப் படியில் குந்தினார். அப்பா நடந்ததைச் சொன்னார், தாயிடம் போயிருப்பாள் என்று நினைத்ததையும் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு போட்டோ குடுங்கய்யா. எங்க போனாலும் போட்டோதான் கேக்குறாங்க" என்றார்.

அம்மா அல்பத்தைக் கொண்டுவந்தார். மூன்று வருஷப் படங்களில் அவள் ஒன்றில்தான் இருந்தாள். தம்பியின் முதலாவது பிறந்தநாள் படம். அவன் சரிந்துவிடாமல் பிடிக்கச் சொல்லி, படமெடுக்கிறவர் அவளை ஒரு துணிக்குப் பின்னால் மறைத்து இருத்தினார். தம்பியின் இடுப்பில் இரண்டு கறுத்தக் கைகள் மட்டும் தெரிந்தன. அந்தத் தாய் படத்தின்மேல் விரலை வைத்து, "அவ கைதான்" என்றார். அம்மா "இந்தப் படம் இது ஒண்டுதான் இருக்கு" என்றார். அப்பா கொப்பி அடித்து அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவில்லை.

"இப்ப எப்படி இருந்தா? நான் பாத்து மூணு வருசமாச்சுங்க. நீங்கதான பாத்தீங்க."

அம்மா "நல்ல கறுப்பு" என்றார். பிறகு "நல்லா வேலை செய்வாள்" என்றார். மூக்கு எப்படி, பல் எப்படி, முகத்தில் எங்காவது மச்சமோ தழும்போ என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அண்ணையைப் பார்த்தார். அண்ணை உள்ளே போய்விட்டார்.

கடைசியில் அவர் என்னைக் கூப்பிட்டார். "நீயும் அவளும் ஒரே வயசுதான பாப்பா? இங்க வா." பையிலிருந்து ஒரு மஞ்சள் சட்டையை எடுத்து என் தோளில் வைத்துப் பிடித்தார். முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. உடனே படியில் இருந்து, மடித்துத் தைத்திருந்த விளிம்பு நூலைப் பல்லால் கடித்து இழுத்தார். இரண்டு மடிப்பையும் அவிழ்த்து, உள்ளங்கையால் தேய்த்துச் சுருக்கை எடுத்து, மறுபடி என்மேல் வைத்தார். இப்போது அளவாக இருந்தது. அவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக அவருடைய முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அவளும் இந்த ஒசரம் வளந்திருப்பால்ல?"

என் முந்தின வருஷத்துச் சட்டைகள் அவளுக்குத் தொளதொளவென்று இருக்கும். பக்கத்தில் நின்றால் அவளுடைய தலை என் காதுக்குத்தான் வரும். மற்றது ஒன்றும் தெரியாவிட்டாலும் இது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டில் அவரிடம் சரியாகச் சொல்லக்கூடிய ஒரே விஷயம் அதுதான், சொல்லக்கூடிய ஒரே ஆளும் நான்தான். அந்தத் தெளிவைக் கெடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

"ஓம்" என்றேன்.

அவர் சட்டையைக் கவனமாக மடித்துப் பைக்குள் வைத்தார். அம்மா சாப்பிட்டுப் போகச் சொன்னார், அவர் நிற்கவில்லை. என் பெயரும் என் வயதும் என் உயரமும் உள்ள ஒரு பிள்ளையைத் தேடிக்கொண்டு படலையைத் திறந்து போனார்.